ஈமாக்ஸ்: சொந்தக் குறுக்குவிசைகள் சிதறிக் கிடக்கின்றன, எப்படி ஒழுங்குபடுத்துவது?

#1 நீலக்குடை

வணக்கம். ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பானில் எனக்கு இரண்டு வேலைகள். ஆர்க் (குறிப்புகளுக்கும் பணிகளுக்குமான ஈமாக்ஸ் வசதி) கோப்புகளில் கட்டுரை எழுதுகிறேன். மற்ற நேரத்தில் பைத்தான் நிரல். தேவைப்பட்டபோதெல்லாம் ஒரு குறுக்குவிசை சேர்த்துக்கொண்டே வந்ததில் அமைவுக் கோப்பு முழுவதும் அவை இறைந்து கிடக்கின்றன. சில கோப்பின் தலையில், சில பொதிகளின் (ஈமாக்ஸில் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) அமைப்புகளுக்கு நடுவில், சில எதற்கென்றே தெரியாமல் கடைசியில்.

இப்போதைய குழப்பம் இது. கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-எஸ் என்ற சேர்க்கைக்கு, தேதியை இடும் ஒரு சிறு கட்டளையைக் கொடுத்திருக்கிறேன். வெற்று உரைக் கோப்பில் தேதி விழுகிறது. ஆர்க் கோப்பில் அதே விசை நாட்காட்டியைத் திறந்து எந்த நாள் என்று கேட்கிறது. பைத்தான் கோப்பிலோ ஏதாவது ஒரு பைத்தான் கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. எல்லா இடத்திலும் தேதி விழ வேண்டும் என்றுதானே பொதுவான விசையாகக் கொடுத்தேன்?

நீங்கள் உங்கள் விசைகளை எந்த அடிப்படையில் பிரித்து வைத்திருக்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைப்பதா, அந்தந்தப் பொதியின் பக்கத்திலேயே விடுவதா? புதிதாக ஒன்று சேர்க்கும்போது எந்த விசை காலியாக இருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?

#2 பனைநிழல்

மூன்று கோப்புகளிலும் ஈமாக்ஸ் சரியாகத்தான் நடந்துகொள்கிறது, நண்பரே. ஒரு விசையை அழுத்தியதும் அது முதலில் துணைப் பயன்முறைகளின் (கூடுதலாக இயக்கிக்கொள்ளும் வசதிகள்) விசைப்பட்டியல்களில் தேடுகிறது. அங்கே இல்லையென்றால் கோப்பின் வகைக்கேற்ற முதன்மைப் பயன்முறையில். அங்கும் இல்லையென்றால் மட்டுமே பொதுப் பட்டியலுக்கு வருகிறது. நீங்கள் தேதியைப் பொதுப் பட்டியலில் வைத்தீர்கள். ஆர்க்கும் பைத்தானும் முதன்மைப் பயன்முறைகள், இரண்டுமே அந்தச் சேர்க்கையைத் தமக்கென்று வைத்திருக்கின்றன. பொதுப் பட்டியல் வரை தேடல் வரவே இல்லை.

அவை அப்படி வைத்திருப்பது அத்துமீறலும் அல்ல. கன்ட்ரோல்-சிக்குப் பின் இன்னொரு கன்ட்ரோல் சேர்க்கை வந்தால், அந்த இடம் முதன்மைப் பயன்முறைகளுக்கு ஒதுக்கப்பட்டது. இலக்கங்களும் அப்படியே. ஒரு சில நிறுத்தக்குறிகளும் முதன்மைப் பயன்முறைகளுக்கே. மற்ற நிறுத்தக்குறிகள் துணைப் பயன்முறைகளுக்கு. நமக்கென்று விட்டுவைத்திருப்பது கன்ட்ரோல்-சிக்குப் பின் வரும் தனி எழுத்து. சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26, ஆக 52 இடங்கள். இவற்றோடு எஃப்5 முதல் எஃப்9 வரை, வேறு விசை எதுவும் சேர்க்காமல். ஒழுங்காக எழுதப்பட்ட எந்தப் பொதியும் இந்த இடங்களைத் தானாக எடுத்துக்கொள்ளாது. ஈமாக்ஸின் நிரல் கையேட்டில் இது எழுதப்பட்ட மரபு.

ஆகவே எந்த விசை காலி என்று தேடித் திரியாதீர்கள். காலியாக இருக்கும் விசை நாளைக்கு ஒரு பொதி வந்ததும் நிரம்பிவிடும். நமக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் கட்ட வேண்டும்.

அந்த 52 எழுத்துகளில் ஒவ்வொன்றும் ஒரு முன்னொட்டாக ஆகலாம். 'எஃப்' கோப்பு வேலைகளுக்கு, 'டபிள்யூ' சாளரங்களுக்கு, 'என்' குறிப்புகளுக்கு என்று ஏழெட்டுத் தொகுப்புகளே தாராளம். தொகுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பொதியின் பெயரால் தொகுக்காதீர்கள், வேலையின் பெயரால் தொகுங்கள். குறிப்பு எடுக்க இன்று ஒரு பொதி, அடுத்த ஆண்டு வேறொன்று. தொகுப்பு 'குறிப்பு' என்று இருந்தால் உள்ளே இருக்கும் கட்டளை மாறும், விரலின் பழக்கம் மாறாது.

#3 குறுக்குச்சந்து

விம் என்ற இன்னொரு தொகுப்பானின் பக்கத்திலிருந்து வருகிறேன், விரட்டிவிடாதீர்கள். ஐயா சொல்வதைத்தான் நாங்கள் லீடர் விசை என்கிறோம். சொந்த விசைகள் அனைத்தும் லீடருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். இயல்பாக அது பின்சாய்கோடு. பலரும் இடைவெளிப் பட்டைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட கோப்பு வகைக்கு மட்டுமான விசைகளுக்கு லோக்கல் லீடர் என்று தனியாக ஒன்று உண்டு. அதனால் நீலக்குடைக்கு வந்த மோதல் எங்களிடம் குறைவு.

எங்களுக்கு வேறு தொல்லை. லீடரை அழுத்தி யோசித்துக்கொண்டிருந்தால் 1000 மில்லி விநாடியில் விம் காத்திருப்பதை நிறுத்திவிடும். இடைவெளிப் பட்டையை லீடராக்கியவர்கள் செருகு நிலையிலும் (உரையைத் தட்டச்சு செய்யும் நிலை) அதற்கு விசை கொடுத்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் திரை ஒரு கணம் தயங்கும்.

#4 பனைநிழல்

> 1000 மில்லி விநாடியில்

ஈமாக்ஸ் காத்திருக்கும். கன்ட்ரோல்-சியை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் அடுத்த விசைக்காக அங்கேயே நிற்கும். அதனால்தான் ஆழமான தொகுப்புகள் இங்கே வசதி. மறந்துபோனால் முன்னொட்டுக்குப் பின் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் போதும், அந்தத் தொகுப்பில் உள்ள அனைத்தும் பட்டியலாக வரும்.

#5 கரிசல்காடு

நான் விஎஸ் கோட் பயன்படுத்துகிறேன். நீலக்குடையின் சிக்கலுக்கு அங்கே வேறு வழி. விசைகள் ஒரே ஒரு ஜேசன் கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் 'எப்போது' என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். கோப்பின் மொழி பைத்தானாக இருந்தால் மட்டும், கர்சர் உரையில் இருந்தால் மட்டும் என்பது போல. நிபந்தனை எழுதத் தெரிந்தால் ஒரே விசைக்கு ஐந்து வேலை கொடுக்கலாம்.

ஒழுங்குபடுத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தக் கோப்பு கீழிருந்து மேலாகப் படிக்கப்படுகிறது. முதலில் பொருந்தும் விதியே வெல்லும். குறுக்குவிசைப் பக்கத்தின் வழியாகச் சேர்ப்பவை எல்லாம் கோப்பின் கடைசியில் போய் உட்காரும், அதாவது பலம் மிகுந்த இடத்தில். அழகாகப் பிரிவு பிரித்து நடுவில் எழுதிய விதி ஏன் வேலை செய்யவில்லை என்று தேடினால், அவசரத்தில் பக்கத்தின் வழியாகச் சேர்த்த ஒன்று அடியில் ஒளிந்திருக்கும். நான் வாரக் கடைசியில் அடியில் சேர்ந்தவற்றை எடுத்து உரிய பிரிவுக்கு நகர்த்திவிடுவேன். கருத்து வரிகளை அந்தக் கோப்பு ஏற்கும் என்பதால் தலைப்புகள் போட்டுப் பிரிக்கலாம். இயல்பாக வரும் ஒரு விசையை நீக்க, கட்டளைப் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி இட்டால் போதும்.

#6 தாழம்பூ

பனைநிழல் ஐயா சொன்ன ஒதுக்கீடு பற்றி மறுப்பில்லை. ஆனால் எல்லா விசைகளையும் ஒரே கோப்பில் குவிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு பொதியை நீக்கினால் அதன் விசை வரி வேறு கோப்பில் அனாதையாகக் கிடக்கும். அழுத்தினால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று வரும். பொதிகளை அமைக்க உதவும் யூஸ்-பேக்கேஜின் தொகுதிக்குள்ளேயே விசையையும் எழுதினால், தொகுதியை அழிக்கும்போது விசையும் சேர்ந்து போய்விடும். இன்னொரு ஆதாயம், அப்படி எழுதிய விசையை முதன்முறை அழுத்தும்வரை அந்தப் பொதி நினைவகத்தில் ஏறாது. ஈமாக்ஸ் வேகமாகத் தொடங்கும். 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பு முதல் யூஸ்-பேக்கேஜ் ஈமாக்ஸுடனேயே வருகிறது. தனியாக நிறுவவும் வேண்டாம்.

#7 பனைநிழல்

பொதியோடு விசையும் போகட்டும் என்பது நல்ல வாதம், தாழம்பூ. ஆனால் புதிய விசை சேர்க்கும்போது எழும் கேள்வி வேறு. 'என்' தொகுப்பில் இதுவரை என்னென்ன இருக்கின்றன? நாற்பது தொகுதிகளில் சிதறிக் கிடந்தால் அதை எங்கே போய்ப் பார்ப்பது?

#8 தாழம்பூ

அதற்குத்தான் டிஸ்க்ரைப்-பெர்சனல்-கீபைண்டிங்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. ஆல்ட்-எக்ஸ் அழுத்தி ஓட்டிப் பாருங்கள். நாம் சொந்தமாகக் கொடுத்த விசைகள், அவற்றின் கட்டளைகள், அவற்றுக்கு முன் அதே இடத்தில் என்ன கட்டளை இருந்தது என்பது வரை ஒரே பட்டியலில் வரும். எழுதுவது சிதறியிருந்தாலும் பார்ப்பது ஓரிடத்தில்.

ஒரு நிபந்தனை: யூஸ்-பேக்கேஜின் பைண்ட் வழியாகவோ, பைண்ட்-கீ வழியாகவோ கொடுத்த விசைகள் மட்டுமே அதில் தெரியும். பழைய குளோபல்-செட்-கீ வரிகள் வராது. ஆகவே பாதி இப்படி பாதி அப்படி என்று வைக்காதீர்கள். எதிலும் சேராத சொந்தக் கட்டளைகளையும் பைண்ட்-கீ வழியாகவே கொடுத்துவிடுங்கள்.

#9 பனைநிழல்

இது எனக்குப் போதும். தொகுப்பின் முன்னொட்டுகளை மட்டும் ஒரு கோப்பில் அறிவித்துவிட்டு, உள்ளே வருபவற்றை அந்தந்தப் பொதியிடம் விடலாம் என்று ஒத்துக்கொள்கிறேன். எந்த எழுத்து எந்த வேலைக்கு என்பதாவது ஒரே இடத்தில் எழுதியிருக்கட்டும்.

#10 எழுத்தாணி

நீலக்குடை கட்டுரை எழுதுவதாகச் சொன்னார். தமிழில் எழுதுகிறார் என்றால், இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. விசைகளைத் திட்டமிடும் முன்பே அதை முடிவு செய்யாவிட்டால் மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் தமிழ் எழுதும்போது உடைந்துவிடும்.

லினக்ஸில் தமிழ் உள்ளிட மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, இயங்குதளத்தின் விசைப்பலகை அமைப்பையே தமிழுக்கு மாற்றுவது. அப்போது ஈமாக்ஸுக்கு வந்து சேர்வதே தமிழ் எழுத்துதான். கன்ட்ரோலோடு சி விசையை அழுத்தினால், அந்த இடத்தில் உள்ள தமிழ் எழுத்தோடு கன்ட்ரோல் என்று போய்ச் சேரும். அப்படி ஒரு விசை வரையறுக்கப்படவில்லை என்று கீழே செய்தி வரும். எதுவும் வேலை செய்யாது.

இரண்டாவது, ஐபஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருளில் தமிழ்99. பலரும் இதில்தான் இருக்கிறார்கள். கன்ட்ரோல் சேர்ந்த விசைகளை அது தொடாமல் விட்டுவிடுகிறது, ஆகவே கன்ட்ரோல்-எக்ஸ் கன்ட்ரோல்-எஸ் சேமிக்கும். எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். ஆனால் பனைநிழல் ஐயா சொன்ன கன்ட்ரோல்-சி, பிறகு தனி எழுத்து என்ற அமைப்பில் இரண்டாவது விசையில் கன்ட்ரோல் இல்லையே. ஐபஸ் அதைத் தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்பிவிடும். நமக்கென்று ஒதுக்கப்பட்ட 52 இடங்களும் தமிழ் எழுதும்போது மூடிக்கொள்கின்றன. இதைத் தவிர்க்கத்தான் பலர் அறியாமலேயே கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-ஏதோ ஒன்று என்ற இடத்துக்குப் போய், ஆர்க்கோடு மோதுகிறார்கள். நீலக்குடையின் தேதி விசையும் அப்படித்தான் அங்கே போயிருக்குமோ என்று ஓர் ஐயம்.

மூன்றாவது, ஈமாக்ஸின் சொந்த உள்ளீட்டு முறை. கன்ட்ரோலும் பின்சாய்கோடும் சேர்த்து அழுத்தினால் மாறும். தமிழுக்கு இன்ஸ்கிரிப்ட், ஐடிரான்ஸ் முதலியவை உள்ளேயே இருக்கின்றன. விருப்பமானதை இயல்பு முறையாக அமைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் பெயர் கேட்காது. இதன் அருமை என்னவென்றால், ஒரு விசைத் தொடரின் முதல் விசைக்குப் பின் வருபவற்றை ஈமாக்ஸ் இந்த உள்ளீட்டு முறைக்கு அனுப்புவதே இல்லை. தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல்-சி, என் என்று அழுத்தினால் குறிப்புத் தொகுப்பு திறக்கும். தமிழை அணைத்து, கட்டளை கொடுத்து, மறுபடி ஏற்றும் வேலை இல்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே உள்ளீட்டு மொழியை மாற்றும் இயல்பு விசை கன்ட்ரோல்-இடைவெளி. ஈமாக்ஸில் அதுவே குறியிடும் விசை. இயங்குதளம் முந்திக்கொள்ளும். இயங்குதள அமைப்பில் போய் அதை மாற்றுவதுதான் எளிது.

#11 குறுக்குச்சந்து

எழுத்தாணி சொன்னது விம்முக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். இயங்குதளத்தில் தமிழ் ஏறியிருக்கும்போது எஸ்கேப் அழுத்தி இயல்பு நிலைக்கு (எழுத்துகளே கட்டளைகளாகும் நிலை) வந்தால் எந்தக் கட்டளையும் ஓடாது, எல்லா எழுத்தும் தமிழாக வருகிறதே. விம்முக்குள் கீமேப் என்ற அமைப்பு இருக்கிறது. அது செருகு நிலையில் மட்டும் தமிழைத் தரும், இயல்பு நிலை ஆங்கிலத்திலேயே இருக்கும். செருகு நிலையில் கன்ட்ரோலும் தொப்பிக் குறியும் அழுத்தி மாற்றலாம். கூடவே வரும் தமிழ் விசைப்பட்டியல் பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது என்பதால் ஒருங்குறிக்கு நான் சொந்தமாக எழுதிக்கொண்டேன். வெறும் இணைகளின் பட்டியல்தான், பொறுமை இருந்தால் போதும்.

#12 நீலக்குடை

எழுத்தாணி சொன்னது சரியாக என் நிலைமை. ஐபஸில் தமிழ்99 வைத்திருக்கிறேன்.

பனைநிழல் ஐயா, இரண்டு சந்தேகங்கள். ஆர்க்கில் கன்ட்ரோல்-சி, ஏ என்றால் நாள்நிரல் வருகிறது. அது நமக்கு ஒதுக்கிய இடம் என்றீர்களே, ஆர்க் எப்படி அங்கே வந்தது? அடுத்தது, எஃப் விசைகளில் எதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

#13 பனைநிழல்

ஆர்க் வரவில்லை, நீங்கள்தான் அழைத்து வந்திருப்பீர்கள். இணைப்புக்கு 'எல்', நாள்நிரலுக்கு 'ஏ', பதிவுக்கு 'சி' என்று வைத்துக்கொள்ளும்படி ஆர்க் கையேடு பரிந்துரைக்கிறது. அதை அமைவுக் கோப்பில் நாமே எழுத வேண்டும். பலரும் முதல் நாளே நகலெடுத்து ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் 'என்' தொகுப்புக்குள் தள்ளிவிடுங்கள்.

எஃப் விசைகளை ஐந்துக்கு மேல் யோசிக்க வேண்டாத அளவுக்கு ஒதுக்கீடே குறைவு. தொகுப்பில் சேராத, ஒரே அழுத்தில் வேண்டியவை அங்கே. உங்கள் தேதி முத்திரையை எஃப்5-இல் வையுங்கள். எழுத்து விசை இல்லை என்பதால் தமிழ் ஓடும்போதும் தொல்லை இருக்காது.

எந்தப் பயன்முறையையும் மீறி ஒரு விசை வேலை செய்தே தீர வேண்டும் என்றால், பைண்ட்-கீயின் நட்சத்திரக் குறியிட்ட வடிவம் இருக்கிறது. துணைப் பயன்முறை வழியாக வேலை செய்வதால் முதன்மைப் பயன்முறையை வென்றுவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன். கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-எஸ்ஸுக்கு அதைச் செய்தால் ஆர்க்கில் பணிக்கு நாள் குறிக்கும் விசையை இழப்பீர்கள்.

#14 தொலைமுனையம்

சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக முனையத்தில் ஈமாக்ஸ் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முனையத்தில் கன்ட்ரோல்-ஐயும் டேபும் ஒன்றே. கன்ட்ரோல்-எம்மும் என்டரும் ஒன்றே. கன்ட்ரோலும் இடது சதுர அடைப்பும் எஸ்கேப். காரணம் ஆஸ்கி: கன்ட்ரோல் சேர்த்தால் எழுத்தின் குறியெண்ணில் கடைசி ஐந்து பிட்டுகளே மிஞ்சும். ஐ ஒன்பதாவது எழுத்து, டேபின் எண் 9. எம் பதின்மூன்றாவது, என்டரின் எண் 13. இந்தச் சேர்க்கைகளுக்குச் சொந்தக் கட்டளை கொடுத்துவிட்டு டேப் வேலை செய்யவில்லை என்று கேட்டுப் பலர் இங்கே வந்திருக்கிறார்கள். தனிச் சாளரத்தில் ஓடும் ஈமாக்ஸில் இவற்றைப் பிரிக்க வழி உண்டு. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே அமைவுக் கோப்பு என்றால் விட்டுவிடுவதே நிம்மதி.

#15 தாழம்பூ

இரண்டு சிறு சேர்க்கைகள்.

ஒன்று, தொகுப்பு என்றாலே ஒவ்வொரு முறையும் மூன்று விசைகள் அழுத்த வேண்டுமே என்று சலித்துக்கொள்பவர்கள் ரிப்பீட்-மோடைப் பாருங்கள். 28-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. கன்ட்ரோல்-எக்ஸ், ஓ என்று ஒருமுறை அழுத்திச் சாளரம் மாறியதும், அடுத்தடுத்த சாளரத்துக்கு வெறும் 'ஓ' மட்டும் போதும். நம் சொந்தக் கட்டளைகளுக்கும் இப்படி வரையறுக்கலாம். சாளர அகலத்தை மாற்றுவது, அடுத்த பிழைக்குத் தாவுவது போன்ற, தொடர்ந்து அழுத்தும் கட்டளைகள் இதற்கென்றே பிறந்தவை. இது வந்தபின் தனி விசை கேட்கும் கட்டளைகள் என்னிடம் மிகவும் குறைந்துவிட்டன.

இன்னொன்று, அரிதாகப் பயன்படுத்துபவற்றுக்கு விசையே கொடுக்காதீர்கள். ஆல்ட்-எக்ஸ் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஓட்டும் கட்டளைக்கு விசை வைத்தால், விசையை நினைவில் வைப்பது கட்டளையின் பெயரை நினைவில் வைப்பதைவிடக் கடினம்.

#16 கரிசல்காடு

கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக மாற்றிவிட்டால் சுண்டுவிரல் பிழைக்கும் என்பதையும்...

#17 தாழம்பூ

அதற்குத் தனி இழை இருக்கிறது, இருநூறு பதில்களோடு. இங்கே வேண்டாம்.

#18 நீலக்குடை

எல்லோருக்கும் நன்றி. இதுவரை செய்தது இது. ஐபஸை ஈமாக்ஸுக்கு அணைத்துவிட்டு உள்ளீட்டு முறைக்கு மாறிவிட்டேன். தமிழ் ஓடும்போதே தொகுப்புகள் திறக்கின்றன. தேதி எஃப்5-க்குப் போய்விட்டது. 'என்' குறிப்பு, 'டபிள்யூ' சாளரம், 'எல்' நிரல் சோதனை என்று மூன்று தொகுப்புகள். முன்னொட்டுக்குப் பின் வரக்கூடிய விசைகளைக் காட்டும் விச்-கீயையும் இயக்கிவிட்டேன், 30-ஆம் பதிப்பில் கூடவே வருகிறது என்பது தெரியாமல் இருந்தது. தொகுப்புகளுக்குத் தமிழில் பெயர் கொடுத்தேன். அழகாக வருகிறது, ஆனால் பட்டியலின் நெடுவரிசைகள் கோணலாக நிற்கின்றன.

நான்காவதாகக் கோப்பு வேலைக்கு 'எஃப்' தொகுப்பை எழுதும் முன் சோதித்தேன். ஒரு விசை எதைச் செய்யும் என்று காட்டும் கன்ட்ரோல்-எச், கே, பிறகு கன்ட்ரோல்-சி, எஃப். அங்கே மேஜிட்டின் (கிட் பயன்பாட்டுக்கான பொதி) கட்டளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நான் எங்கும் அப்படிக் கொடுக்கவில்லை. ஒழுங்கான பொதி இந்த இடத்துக்கு வராது என்றீர்களே?

#19 பனைநிழல்

நெடுவரிசை கோணுவது எழுத்துருவால். தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இல்லை, விச்-கீயோ எழுத்துகளை எண்ணி இடம் ஒதுக்குகிறது. பெயர்களைச் சுருக்கமாக வைத்தால் கோணல் குறையும், முழுதாகப் போகாது.

மேஜிட் தானாக வந்திருக்காது. உலகளாவிய விசைகளை எப்படி அமைப்பது என்று மேஜிட்டில் ஓர் அமைப்பு இருக்கிறது: மேஜிட்-டிஃபைன்-குளோபல்-கீ-பைண்டிங்ஸ். இயல்பு மதிப்பில் அது கன்ட்ரோல்-சிக்குப் பின் தனி எழுத்தைத் தொடாது. 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற மதிப்பைக் கொடுத்தால் மட்டுமே 'எஃப்' எழுத்தையும் 'ஜி' எழுத்தையும் எடுத்துக்கொள்ளும். உங்கள் அமைவுக் கோப்பில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

#20 நீலக்குடை

இருக்கிறது. வேறொருவரின் அமைவுக் கோப்பிலிருந்து மேஜிட் தொகுதியை மொத்தமாக எடுத்தபோது கூடவே வந்த வரி. நீக்கிவிட்டு ஈமாக்ஸை மறுபடி தொடங்கினேன், 'எஃப்' காலியாகிவிட்டது. 'ஜி' எழுத்தை மட்டும் மேஜிட்டுக்கே நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், அது விரலில் ஏறிவிட்டது.

#21 தாழம்பூ

பைண்ட் வழியாகத்தானே எழுதினீர்கள்? குளோபல்-செட்-கீ என்றால் பட்டியலில் வராது.

#22 நீலக்குடை

பைண்ட் வழியாகத்தான். பட்டியலில் தெரிகிறது.